சிரபுஞ்சியில் ஓர் எவர்சில்வர் டப்பா

இருபத்தாறு ஆண்டுகள் தென்காசிப் பக்கத்துப் பள்ளிகளில் புவியியல் கற்பித்தவன் நான். பருவக்காற்றுப் பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையில், மேகாலயத்து ஊர்களின் சராசரி ஆண்டு மழையாக, மௌசின்ராம் 11,872 மி.மீ., சிரபுஞ்சி 11,777 மி.மீ. என்று எழுதுவேன், பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள், தேர்வில் ஒரு மதிப்பெண் வாங்குவார்கள். ஒரு நாள் கடைசி வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "அது எவ்வளவு தண்ணீர் சார்?" என்று கேட்டாள். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர் என்று சொல்லிவிட்டு, பலகையிலேயே கணக்குப் போட்டேன். கோடைகாலத்தில் தெருவுக்கு வரும் பெரிய தண்ணீர் லாரி ஒன்று 12,000 லிட்டர் கொள்ளும். அவள் உட்கார்ந்திருந்த இடம் அளவுள்ள தரையில், ஓர் ஆண்டுக்குள், ஏறக்குறைய ஒரு லாரித் தண்ணீர் முழுவதும் கொட்டுகிறது. வகுப்பு கொஞ்ச நேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை, ஏனென்றால் அத்தனை ஆண்டுகளாக எழுதி வந்த அந்த எண்ணின் அளவை நானே அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

அந்த ஊரை நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் அன்று விழுந்தது. பொங்கல் விடுமுறையோடு சில நாள் விடுப்புச் சேர்த்துக்கொண்டு போனேன். நான் செய்த முதல் பிழை அதுதான். குவாஹாட்டியில் இறங்கி, ஷில்லாங் வழியாகச் சிரபுஞ்சியை அடைந்தபோது வானம் கழுவித் துடைத்ததுபோல் நீலமாக இருந்தது. புல் காய்ந்து வைக்கோல் நிறத்தில் கிடந்தது. 340 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நோகலிகாய் அருவி, பாறையில் நனைந்த கோடாக மட்டும் தெரிந்தது. ஊருக்குள் ஒரு தெருக்குழாயின் முன்னால் குடங்களும் வாளிகளும் வரிசையில் நின்றன. உலகத்திலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்றில், நம் ஊர்ச் சித்திரை மாதத்தில் பார்ப்பதுபோன்ற குடவரிசை. அந்த வரிசையைப் பார்த்தபடி நின்ற கால் மணி நேரத்தில், நான் கற்பித்த பாடத்தில் ஒரு பாதியே இல்லை என்று புரிந்தது. மழை ஏன் பெய்கிறது என்று சொன்னேன். பெய்த மழை எங்கே போகிறது என்று ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை.

பணி ஓய்வு பெற்ற ஆண்டில், ஜூலை மாதம், பன்னிரண்டு நாள் தங்குவதற்காக மறுபடியும் போனேன். சிரபுஞ்சியை அங்குள்ள காசி மக்கள் சோஹ்ரா என்றே சொல்வார்கள். இந்தக் காசி வாரணாசி அன்று. காசி என்பது அந்த மலைகளில் வாழும் மக்களின் பெயர், அந்த மலைகளின் பெயரும் அதுவே. சோஹ்ரா என்ற பெயர் ஆங்கிலேயர் நாவில் சுர்ரா, செர்ரா என்று திரிந்து செர்ராபுஞ்சியாகி, நம்மிடம் சிரபுஞ்சியாக வந்து சேர்ந்தது. மாநில அரசும் இப்போது பழைய பெயரையே மீட்டிருப்பதால், இனி நானும் சோஹ்ரா என்றே எழுதுகிறேன்.

தங்கியது ஒரு குடும்பத்தின் வீட்டில். காசி மக்கள் மூத்த பெண்ணைக் 'கோங்' என்றும் மூத்த ஆணைப் 'பா' என்றும் அழைப்பார்கள், நாம் அக்கா, அண்ணன் என்பதைப்போல. வீட்டுக்கார அம்மாவை நானும் கோங் என்றே அழைத்தேன். அவர் என்னைப் பா என்றார். வீட்டிலிருந்து நான் கொண்டுபோயிருந்த பொருள்களில் ஒன்று, அடியும் வாயும் ஒரே அகலமாக நேராக நிற்கும் எவர்சில்வர் டப்பா. பக்கச்சுவர் சாயாமல் நேராக இருக்கும் எந்தப் பாத்திரமும் மழைமானியாக உதவும். உள்ளே தேங்கிய தண்ணீரை அளவுகோலால் அளந்தால் அதுவே மழையின் மில்லிமீட்டர். டப்பாவின் உயரம் 20 சென்டிமீட்டர். அதாவது 200 மி.மீ. மழை வரை கொள்ளும். எங்கள் ஊரில் அது நிரம்ப ஒரு மாதத்து நல்ல மழை வேண்டும். முதல் நாள் மாலை, முற்றத்தில் சுவரிலிருந்து தள்ளி, இரண்டு கல்லுக்கு நடுவில் அசையாமல் இருத்திவிட்டுப் படுத்தேன்.

காலை எட்டரை மணிக்கு அளக்கப் போனேன். வானிலை ஆய்வு மையமும் ஒரு நாளின் மழையைக் காலை எட்டரையோடுதான் முடித்துக் கணக்கெழுதும். டப்பா விளிம்பு வரை நிரம்பி, மேலே தண்ணீர் உப்பி நின்று, புதிதாக விழும் ஒவ்வொரு துளிக்கும் ஒரு துளி வெளியே வழிந்துகொண்டிருந்தது. எத்தனை நேரமாக வழிகிறது என்று தெரியாததால் அன்றைய அளவை என்னால் எழுத முடியவில்லை. "200க்கு மேல்" என்று மட்டும் குறித்தேன். கோங் சமையலறை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பெரிய பாத்திரம் வேண்டுமானால் தருகிறேன், பா," என்றார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. மறுநாள் உண்மையாகவே ஒரு நேரான அலுமினியப் பாத்திரத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தார். மழை அளக்க விரும்பிப் போகிறவர்கள் என் பிழையைச் செய்ய வேண்டாம். அரை மீட்டர் உயரமாவது உள்ள நேரான குழாயோ பாத்திரமோ கொண்டுபோங்கள், அல்லது நள்ளிரவில் ஒருமுறை எழுந்து அளந்து கொட்டுங்கள். சுவர், மரம், கூரை ஆகியவற்றின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி வையுங்கள். இல்லையென்றால் காற்று மழையைத் திசைதிருப்பி அளவைக் குறைத்துவிடும்.

நள்ளிரவு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நான் தங்கிய நாள்களில் பெருமழை பெரும்பாலும் இரவில் தொடங்கி விடியற்காலையில் உச்சத்துக்கு வந்தது. பகலில் பல நாள் மேகமும் தூறலும்தான். இரண்டு நாள் மதியத்தில் வெயில்கூட எட்டிப் பார்த்தது. தற்செயல் என்று முதலில் நினைத்தேன். அங்கே அது வழக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பகலில் வங்கதேசச் சமவெளி சூடாகி, தரையை ஒட்டிய காற்று மேலும் கீழுமாகக் கலங்குவதால் தெற்கிலிருந்து வரும் காற்றின் வேகம் தடைபடுகிறது. இரவில் தரை குளிர்ந்து அந்தக் கலக்கம் அடங்கியதும், சில நூறு மீட்டர் உயரத்தில் தென்காற்று தடையின்றி வேகம் எடுத்து மலைமீது மோதுகிறது. நடக்கவும் பார்க்கவும் விரும்புகிறவர்களுக்கு இது மிகவும் பயனுள்ள செய்தி. விடியற்காலைப் பயணத்தைத் தவிர்த்து, முற்பகல் பத்து மணிக்குமேல் கிளம்பி, மாலை நான்கு மணிக்குள் கூரைக்குக் கீழே வந்துவிடுங்கள். வடகிழக்கில் பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சாரல் தெரிந்த ஊர்க்காரன் என்பதால் மழையைப் பற்றி எனக்கு ஓரளவு தெரியும் என்று நினைத்திருந்தேன். குற்றாலத்துச் சாரல் என்பது, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் பெய்து தீர்ந்த மழையின் மிச்சம். செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்றோடு கசிந்து நம் பக்கம் வந்து விழுவது. நாம் மலைக்குப் பின்னால் நிற்கிறவர்கள். சோஹ்ராவில் மலையின் முகத்தின்மேலேயே நிற்கிறோம். இந்த ஒரு வேறுபாட்டை உடம்பால் உணர்வதற்காகவே அங்கே போகலாம் என்பேன்.

மலையின் முகம் என்று நான் சொல்வதை ஐந்தாம் நாள் கண்ணால் பார்த்தேன். காலை பதினொரு மணியளவில் மேகம் விலகியது. மேட்டுநிலத்தின் தென்விளிம்பில் நின்றேன். காலடியில் மலை முடிந்துவிட்டது. சில கிலோமீட்டர் தூரத்துக்குள் ஆயிரம் மீட்டருக்குமேல் இறங்கி, கீழே வங்கதேசம் தட்டையாக, தொடுவானம் வரை, பாதி தரையாகவும் பாதி நீராகவும் கிடந்தது. அங்கே ஹாவோர் என்று அழைக்கப்படும் பெரும் தாழ்நிலங்கள் மழைக்காலம் முழுதும் ஏரியாகவே நிற்கும். வங்காள விரிகுடாவில் ஈரம் குடித்த தென்மேற்குப் பருவக்காற்று, முந்நூறு கிலோமீட்டருக்கும்மேல் குன்று ஒன்றும் குறுக்கிடாத அந்தச் சமவெளியின் மேலாக, வழியிலுள்ள நீர்ப்பரப்பிலும் இன்னும் கொஞ்சம் ஈரத்தைச் சேர்த்துக்கொண்டு வருகிறது. முதன்முதலாக அதன் வழியை மறிப்பது இந்தச் சுவர். நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே, கீழேயிருந்த ஒரு பள்ளத்தாக்கின் வாயில் வெள்ளை நூல்போல ஒரு மேகம் தோன்றியது. அது பள்ளத்தாக்கு குறுகக் குறுகத் தடித்து, சுவரை ஒட்டி ஏறி, சுமார் இருபது நிமிடத்தில் என் முழங்காலைத் தொட்டு, முகத்தை நனைத்து, எனக்கு முன்னால் நின்றிருந்த வேலிக் கம்பியையே மறைத்துவிட்டது. பத்து நிமிடம் கழித்து மழை கொட்டியது. வகுப்பில் நான் அம்புக்குறி போட்டுக் காட்டிய மலைத்தடுப்பு மழை, ஒரு பக்கத்துப் படமாக இல்லாமல், என் சட்டைக்குள் இறங்கியது.

எண்களிலும் இதைச் சொல்லிவிடலாம். 30 டிகிரி வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான் தாங்கும். மேலே தள்ளப்படும் காற்று விரிந்து குளிர்கிறது. மேகம் உருவாகும் வரை ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 10 டிகிரியும், உருவான பிறகு ஏறக்குறைய அதில் பாதியும் குறையும். தாங்க முடியாத நீராவியைக் காற்று அங்கேயே இறக்கிவைத்துவிட்டுத்தான் மேலே போக முடியும். காசி மலைகளின் தென்முகம் நேர்ச்சுவராக இல்லாமல், தெற்கு நோக்கித் திறந்த ஆழமான பள்ளத்தாக்குகளாகப் பிளந்து கிடப்பதால், அகன்று வரும் காற்று புனலின் வாயில் நுழைந்ததுபோல் நெருக்கப்பட்டு இன்னும் வேகமாக மேலேறுகிறது. ஈரமான கடல், நிற்காத காற்று, திடீரென்று எழும் மலை, காற்றைக் குவிக்கும் பள்ளத்தாக்கு ஆகிய நான்கும் ஒரே இடத்தில் கூடியிருப்பதுதான் சோஹ்ரா.

உலகத்தின் மற்ற பெருமழை இடங்களையும் இந்த நான்கைக் கொண்டே புரிந்துகொள்ளலாம். ஹவாயில் காவாய் தீவின் வயாலியாலி மலையில் காற்று கிழக்கிலிருந்து ஆண்டு முழுதும் வீசுகிறது. கேமரூன் நாட்டின் டெபுண்ட்ஸா, கினி வளைகுடாவை ஒட்டி நாலாயிரம் மீட்டர் உயர எரிமலையின் அடியில் இருக்கிறது. அங்கே ஆண்டுக்கு 10,000 மி.மீ. அளவில் பெய்கிறது. கொலம்பியாவின் பசிபிக் கரையோரச் சோக்கோ பகுதியில் ஆண்டிஸ் மலை சுவராக நிற்கிறது. அங்கே மழையில்லா மாதம் என்று ஒன்று இல்லாததால், ஆண்டு அளவில் நம் இரண்டு ஊர்களையும் மிஞ்சுவதாகச் சொல்லப்படும் இடங்களும் அங்கே உண்டு. ஒரே நாளில் பெய்த மழைக்கான உலகச் சாதனை இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவிடம் இருக்கிறது: 1966 ஜனவரியில் ஒரு புயலின்போது 24 மணி நேரத்தில் 1,825 மி.மீ. சோஹ்ராவின் தனித்தன்மை வேறு. அது தன் மழையில் ஏறக்குறைய பாதியை ஜூன், ஜூலை என்ற இரண்டே மாதங்களில் வாங்கிக்கொள்கிறது.

அதனால்தான் மாதக் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் சோஹ்ராவை வெல்ல ஆளில்லை. 1860 ஆகஸ்ட் முதல் 1861 ஜூலை வரையிலான பன்னிரண்டு மாதங்களில் அங்கே 26,000 மி.மீ.க்கும்மேல் மழை பதிவானது. ஓராண்டு மழைக்கான உலகச் சாதனை இன்றும் அதுதான். அந்த 1861 ஜூலையில் மட்டும் 9,300 மி.மீ. 1995 ஜூன் 15, 16 ஆகிய இரு நாள்களில் 2,493 மி.மீ. பெய்தது, சென்னைக்கு ஒன்றே முக்கால் ஆண்டில் கிடைக்கும் மழை அது. உலக வானிலை அமைப்பு நாற்பத்தெட்டு மணி நேர மழையின் உலகச் சாதனையாக அதை ஏற்றிருக்கிறது. சோஹ்ராவா மௌசின்ராமா என்ற போட்டியில் எனக்கு ஆர்வம் போய்விட்டது. பறவை பறக்கும் தூரத்தில் பதினைந்து கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு ஊர்களின் சராசரிக்கு இடையே நூற்றில் ஒரு பங்கு வேறுபாடுகூட இல்லை. மழைமானியைக் காற்றடிக்கும் இடத்தில் வைப்பதா, ஒதுக்கத்தில் வைப்பதா என்பதே அந்த வேறுபாட்டைப் புரட்டிவிடும். மௌசின்ராமுக்குப் போக நேரம் இருந்தால் போங்கள், ஆனால் "முதலிடம்" என்பதற்காக மழையில் மலைப்பாதையில் விரைய வேண்டாம்.

இனி, உடம்போடும் உடைமையோடும் தொடர்புடைய சில பாடங்களைச் சொல்கிறேன், ஏனென்றால் இவற்றில் ஒவ்வொன்றையும் இழப்பின் வழியாகத்தான் கற்றேன்.

குடை அங்கே உதவாது. மழை கீழ்நோக்கி விழுவதைவிடப் பக்கவாட்டில் வருவதே அதிகம். பள்ளத்தாக்கிலிருந்து காற்று ஏறும் இடங்களில் கீழிருந்து மேல்நோக்கிக்கூட வரும். என் குடை இரண்டாம் நாளே கம்பி திரும்பிப் போயிற்று. காசி உழவர்கள் பயன்படுத்தும் 'க்னுப்' என்பதை அப்போதுதான் கவனித்தேன். மூங்கிலும் பிரம்பும் பின்னி, நடுவில் அகன்ற இலைகளை அடுக்கி, ஆமை ஓடுபோல் வளைத்துச் செய்தது அது. தலையில் மாட்டினால் உச்சியிலிருந்து முழங்கால் வரை முதுகை மூடும். குனிந்து வேலை செய்யும்போது மழை முழுவதும் அதன் முதுகில் வழிந்துவிடும். கைகள் இரண்டும் வேலைக்கு விடுதலையாக இருக்கும். கோங்கின் தங்கை க்னுப் அணிந்து தோட்டத்தில் களை எடுப்பதைப் பார்த்து, இந்த மழையில் ஏன் என்று கேட்டேன். "மழை நிற்கட்டும் என்று உட்கார்ந்தால், பா, எந்த மாதம் வேலை செய்வது?" என்றார். வெளியூர்க்காரர் க்னுப் அணிந்து மலையேற முடியாது. முழங்காலுக்குக் கீழே இறங்கும் தலைமூடியுள்ள மழைக்கோட்டுப் போதும். கோட்டுக்கு உள்ளே பருத்தியும் ஜீன்ஸும் வேண்டாம். நான் கொண்டுபோன ஒரு ஜீன்ஸ், முதல் நாள் நனைந்தது, ஊருக்குத் திரும்பும் வரை காயவே இல்லை. சீக்கிரம் உலரும் பாலியஸ்டர் உடைகள் நான்கு போதும். படுக்கும்போது அணிய ஒரு காய்ந்த உடையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்து, எந்த நிலையிலும் அதை அணிந்து வெளியே போகாதீர்கள்.

காலணியில் எனக்கு ஏற்பட்டது சற்று ஆபத்தானது. நோங்ரியாட் கிராமத்து உயிர்வேர்ப் பாலத்தைப் பார்க்க மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் இறங்கிக்கொண்டிருந்தேன். விலை உயர்ந்த மலையேற்றக் காலணி அணிந்திருந்தேன். நான்கு நாள் ஈரத்தில் ஒட்டுப்பசை ஊறி, இடது காலணியின் அடிப்பாகம் முழுவதுமாகப் பிரிந்து, ஒரு படியில் தங்கிவிட்டது. பாசி படிந்த கல்லில் சறுக்கி, ஐந்தாறு படி உட்கார்ந்தபடியே இறங்கினேன். என்னைத் தாண்டிப் போன பள்ளிச் சிறுவர்களின் காலில் மலிவான பிளாஸ்டிக் செருப்பும் கம்பூட்டும்தான் இருந்தன. தைத்த அடிப்பாகம் உள்ளதோ, ஒரே வார்ப்பான ரப்பரோதான் அந்த ஈரத்தைத் தாங்கும். படியில் வழவழப்பான நடுப்பகுதியை விட்டுவிட்டு, ஓரத்தில் சொரசொரப்பான கல்லைத் தேடி மிதியுங்கள். இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பி இறங்குங்கள். மூங்கில் கழி ஒன்று கையில் கட்டாயம் இருக்கட்டும். ஓடையில் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, உடனே கரையேறிவிடுங்கள். உங்கள் தலைக்குமேல் வெயில் இருக்கலாம், ஆனால் மேலே எங்கோ கொட்டிய மழை வந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

அந்தப் பாலத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. மரத்தாலோ மூங்கிலாலோ போடும் பாலம் அந்த ஈரத்தில் சில பருவங்களில் உளுத்துப்போகும், அல்லது வெள்ளத்தோடு போய்விடும். காசி மக்கள் ரப்பர் அத்தியின் தொங்கும் வேர்களை ஆற்றின் குறுக்கே வழிநடத்தி, எதிர்க்கரையில் மண்ணில் ஊன்றவைத்து, பல ஆண்டுகள் காத்திருந்து பாலமாக்குகிறார்கள். மழை எல்லாவற்றையும் அழுகவைக்கும் ஊரில், மழையைக் குடித்தே வலுக்கும் ஒன்றைக் கொண்டு பாலம் கட்டியிருக்கிறார்கள். அதன்மேல் நின்றபோது என் காலுக்குக் கீழே ஈரமான வேர் சற்றும் அசையவில்லை.

மற்றவற்றை விரைவாகச் சொல்கிறேன். அட்டைக்குப் பயப்பட வேண்டாம். காலுறையில் உப்புத் தடவிக்கொண்டால் போதும், கடித்துவிட்டால் இழுத்துப் பிய்க்காமல் நகத்தால் ஓரத்திலிருந்து நெம்பி எடுத்துவிடுங்கள். கேமராவைக் காற்றுப்புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு வையுங்கள். என்னுடைய ஒரு லென்சில் பத்தே நாளில் பூஞ்சை படர்ந்து, பழுது நீக்க அதன் விலையில் பாதி ஆயிற்று. கொதிக்கவைத்த தண்ணீரையே குடியுங்கள். மின்சாரம் அடிக்கடி போகும். ஷில்லாங் சாலையில் பனிபோல் மேகம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. சொந்தமாக வண்டி ஓட்டிப் பழக அது ஏற்ற சாலை இல்லை. மண்சரிவில் அரைநாள், ஒருநாள் நின்றுவிட நேரலாம் என்பதால், விமானத்துக்கோ ரயிலுக்கோ முந்தைய இரவைக் குவாஹாட்டியில் கழிப்பதாகத் திட்டமிடுங்கள்.

எப்போது போகலாம் என்று கேட்கிறவர்களுக்கு, எதைப் பார்க்க விரும்புகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். அருவிகளும் பச்சையும் வேண்டும், ஓரளவு கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்றால் செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் நல்லவை. டாக்கியில் உம்ங்கோட் ஆற்றின் கண்ணாடித் தண்ணீரில் படகு நிழல் விழுவதைப் பார்க்க வேண்டுமென்றால் குளிர்காலம்தான். ஜூலையில் அது செம்மண் கலங்கி ஓடும். மழையையே பார்க்க வேண்டும் என்றால் ஜூன், ஜூலை. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. மத்திய இந்தியாவில் பருவமழை சில நாள் ஓய்ந்து, காற்றழுத்தம் குறைந்த நீண்ட பட்டையான தாழ்வழுத்தப் பள்ளம் இமயமலை அடிவாரத்துக்கு நகர்ந்துவிட்டதாக வானிலை அறிக்கை சொல்லும் நாள்களில், மேகாலயத்தில் மழை வலுக்கும். அதே நாள்களில் தமிழ்நாட்டிலும் மாலை வேளைகளில் இடியோடு மழை கூடும். ஆடி மாதத்தில் வேலூரிலும் சென்னையிலும் தொடர்ந்து சில மாலைகள் இடிமழை பெய்தால், சோஹ்ராவில் அப்போது டப்பா நிரம்பி வழிந்துகொண்டிருக்க வாய்ப்புண்டு என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

ஜனவரியில் பார்த்த குடவரிசைக்கு வருகிறேன். கோங்கிடம் அதைப் பற்றிக் கேட்டேன். குளிர்கால மாதங்களில் ஊற்றைத் தேடிச் சரிவில் இறங்கி நடப்பதும், காசு கொடுத்து வண்டித் தண்ணீர் வாங்குவதும் அங்கே புதிதில்லை என்றார். காற்றின் திசை மாறியதும் மழை நின்றுவிடுகிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் பெய்வது நம் ஊர்க் கோடைத்தூறல் அளவுதான். மேட்டுநிலத்தில் மண் விரற்கடை கனத்துக்குமேல் இல்லை. பல நூற்றாண்டு மழையும், மரம் வெட்டியதும், நிலக்கரிக்கும் சுண்ணாம்புக்கும் தோண்டியதும் சேர்ந்து மண்ணைச் சுரண்டிவிட்டன. அடியில் சுண்ணாம்புப் பாறை. விழும் தண்ணீர் வெடிப்புகளில் இறங்கிக் குகைகளின் வழியாக ஓடிவிடும். மிச்சம் அருவிகளாக விழுந்து, அன்றைக்கே எல்லையைக் கடந்து வங்கதேசத்துக்குப் போய்விடும். 2022 ஜூன் 17 காலை வரையிலான ஒரே நாளில் மௌசின்ராமில் 1,003.6 மி.மீ., சோஹ்ராவில் 972 மி.மீ. பெய்தபோது, கீழே சில்ஹட்டும் சுனாம்கஞ்சும் கழுத்தளவு வெள்ளத்தில் மூழ்கின. மேலே பெய்கிற ஊரில் தேங்குவதில்லை, கீழே தேங்குகிற ஊரில் தாங்குவதில்லை.

இதற்கு மாற்று அங்கேயே இருக்கிறது என்பதைக் காட்டத்தான் கோங் ஒரு நாள் மாவ்ஸ்மாய் பக்கத்துப் புனிதக் காட்டின் ஓரத்துக்கு அழைத்துப் போனார். முன்னோர் காவலில் விட்ட காடு அது. அங்கிருந்து ஓர் இலையைக்கூட எடுத்துவரக் கூடாது என்பது வழக்கம். வெளியே பாறையில் ஒரு நொடியில் வழிந்தோடும் மழை, காட்டுக்குள் இலையிலும் பாசியிலும் சருகிலும் தங்கித் தங்கி இறங்கியது. சருகை விலக்கி விரலை ஊன்றச் சொன்னார். இரண்டாம் கணு வரை கருப்பு மண்ணுக்குள் போயிற்று. நூறு அடி தள்ளி, வெளிநிலத்தில் அதே விரலை ஊன்றினேன். நகம் பாறையில் இடித்தது. நான் வகுப்பில் விட்டுவிட்ட பாதிப் பாடம் அந்த இரண்டு இடங்களுக்கு நடுவில் இருந்தது. மழையை மலை கொண்டுவருகிறது. அதை வைத்துக்கொள்வதற்கு மண்ணும் மரமும் வேண்டும்.

அதே மலையில் மௌம்லு குகையிலிருந்து எடுத்த ஒரு சுண்ணாம்புக் கசிவுப்படிவம், சுமார் 4,200 ஆண்டுகளுக்குமுன் பருவமழை நலிந்து நீண்ட வறட்சி நிலவியதைத் தன் அடுக்குகளில் பதித்து வைத்திருக்கிறது. அதை அடிப்படையாகக் கொண்டு, புவியின் வரலாற்றில் நாம் வாழும் இந்தக் காலப்பகுதிக்கு 2018இல் மேகாலயன் என்று பெயரிட்டார்கள். உலகின் பெருமழை ஊர், ஒரு பெரும் வறட்சியின் சாட்சியாகப் பாடநூலில் இடம்பெற்றிருக்கிறது என்ற செய்தியை நான் பணியில் இருந்தபோதே பிள்ளைகளுக்குச் சொல்லாமல் போனேனே என்று வருந்துகிறேன்.

புறப்பட்ட அன்று காலையும் கொட்டியது. கடைசி அளவை எழுதிவிட்டு டப்பாவைத் துடைத்து எடுத்து வைத்தேன். பன்னிரண்டு நாளில், வழிந்து போனதைச் சேர்க்காமல் நான் எண்ணியது மட்டுமே சென்னையின் ஓராண்டு மழைக்கு நிகராக இருந்தது. சுமோவில் ஏறி வடக்கே கிளம்பினோம். ஓட்டுநர் வைப்பரை முழு வேகத்தில் வைத்திருந்தார். அரைமணி நேரத்தில் அதைப் பாதியாகக் குறைத்தார். சாலை மேட்டுநிலத்தின் முதுகைத் தாண்டி ஷில்லாங் பக்கம் சரியத் தொடங்கிய இடத்தில், முற்றிலும் நிறுத்திவிட்டு, சன்னலை இறக்கிவிட்டார். சோஹ்ராவிலிருந்து சாலை வழியே ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் தூரத்தில் இருக்கும் ஷில்லாங்குக்கு ஆண்டுக்குச் சுமார் 2,200 மி.மீ.தான் கிடைக்கிறது, ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மழை மறைவுப் பகுதி என்று நான் எழுதிப்போட்ட சொல்லின்மேல் வெயில் விழுந்துகொண்டிருந்தது. திரும்பும் வழியில் ஷில்லாங்கில் ஒரு நாள் தங்குங்கள். மாடியில் கொடி கட்டித் தருவார்கள். நனைந்ததையெல்லாம் அங்கே உலர்த்திக்கொண்டு கிளம்பலாம்.